சிறு லேத்தின் மோட்டார் வேகம் ஏன் தடுமாறுகிறது? போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் ஹார்டுவேர், எலக்ட்ரிகல் கடைகளும் மோட்டார் ரீவைண்டிங் கடைகளும் நடத்தி வரும் வணிகப் பெருமக்களுக்குப் பம்ப்செட் மோட்டார், கிரைண்டர் மோட்டார், மாவு மில் மோட்டார் ஆகியவை அத்துப்படி. காயில் கருகியதா, கண்டென்சர் போனதா, பேரிங் சத்தம் போடுகிறதா என்பதை வாசலில் இறக்கும்போதே சொல்லிவிடுவார்கள். ஆனால் மேசைமேல் வைத்து ஓட்டும் சிறு லேத் ஒன்றை ஒருவர் கொண்டு வந்து, "வேகம் நிற்கவில்லை, பாருங்கள்" என்று சொன்னால் பலர் கைவிரித்து விடுகிறார்கள். இல்லையேல் "போர்டு போய்விட்டது, புதுசு வாங்கி வாருங்கள்" என்று அனுப்பி விடுகிறார்கள். இரண்டுமே வியாபாரத்துக்கு நல்லதல்ல.

இந்தச் சிறு லேத்தை வாங்குகிறவர்கள் யார் என்று பார்த்தால் நம் ஊர்க்காரர்கள்தான். நகைப்பட்டறை, கடிகாரம் மற்றும் தையல் மிஷின் பழுது பார்ப்போர், பாலிடெக்னிக் மாணவர், ஓய்வு பெற்ற பிட்டர், பொழுதுபோக்காக மாடல் செய்பவர் ஆகியோர் வாங்குகிறார்கள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பத்தைப் பெரம்பலூர் மாவட்டத்தார் அனைவரும் அறிவர். மரம் கடைவதற்கு வரும் சிறிய லேத் பலவற்றிலும் இதே வகை மோட்டாரும் இதே வகைக் கட்டுப்பாடும்தான் உள்ளன. இயந்திரம் ஆன்லைனில் வந்து இறங்கிவிடும். பழுது என்று வந்தால் விற்றவரைத் தேட முடியாது. அப்போது வாடிக்கையாளர் படியேறுவது நம் கடைக்குத்தான். அந்த வேலையை ஒழுங்காகச் செய்து கொடுக்கும் கடைக்கு மற்ற வியாபாரமும் தானே வரும்.

ஆகவே இந்த இயந்திரத்தின் வேகக் கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது, அதில் எந்தெந்தப் பழுதுகள் வரும், எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

இயந்திரம் எப்படிப்பட்டது?

பழைய லேத்தில் ஏ.சி. இண்டக்‌ஷன் மோட்டார் இருக்கும். 50 சைக்கிள் மின்சாரத்தில் 4 போல் மோட்டார் சுமார் 1440 சுற்று ஓடும். அந்த வேகத்தை மின்சாரத்தால் எளிதில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே படிப் புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போட்டோ, கியரை மாற்றியோ வேகத்தைச் சரி செய்தார்கள். இந்தியாவில் முதன்முதலாக மின்மோட்டார் உற்பத்தியான இடம் கோயம்புத்தூர். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் அதைச் செய்து காட்டினார்கள். நம் தமிழ்நாட்டுப் பட்டறைகள் அந்த மரபில் வளர்ந்தவை. அதனால்தான் இண்டக்‌ஷன் மோட்டார் நம் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த கலையாக இருக்கிறது.

சிறு லேத்தில் இருப்பது வேறு சாதி மோட்டார். இதில் நிரந்தரக் காந்தம் வைத்த டி.சி. மோட்டார் இருக்கும். சீனாவில் ஷாங்காய் நகரின் சீக் நிறுவனம் செய்த மாதிரியும், அதை ஒட்டி வந்த மாதிரிகளும் உலகெங்கும் பல பெயர்களில், பல வண்ணங்களில் விற்பனையாகின்றன. சுமார் 180 மில்லிமீட்டர் விட்டம் வரை சுழலும், இரண்டு சென்டருக்கு இடையே 300 அல்லது 350 மில்லிமீட்டர், எடை 40 கிலோ அளவில் என்பது பொதுவான கணக்கு. இரண்டு கியர் உண்டு. தாழ்ந்த கியரில் ஏறத்தாழ 1100 சுற்று வரையிலும், உயர்ந்த கியரில் 2500 சுற்று வரையிலும் வேகத்தைத் திருகிக் கூட்டலாம். அண்மையில் வரும் சில மாதிரிகளில் பிரஷ் இல்லாத மோட்டார் உண்டு. அவற்றில் போர்டும் மோட்டாரும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் வேறு வகையால் மாற்ற முடியாது. இங்கே நாம் பேசுவது கார்பன் பிரஷ் உள்ள வகையைப் பற்றி.

வேகம் எப்படிக் கூடுகிறது?

டி.சி. மோட்டாருக்கு இரண்டு விதிகளை நினைவில் வைத்தால் போதும். வோல்டேஜ் கூடினால் வேகம் கூடும். சுமை கூடினால் கரண்ட் கூடும். 100 வோல்ட் கொடுத்தால் ஓடுவதைப்போல 200 வோல்ட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓடும். டூல் இரும்பைக் கடிக்கும்போது மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். வேகம் சற்று இறங்கும். மேட்டில் ஏறும் மாட்டுவண்டியில் மாடு முழு பலத்தையும் போட்டும் நடை மெதுவாவது போல.

கட்டுப்பாட்டு போர்டின் வேலை, நம் வீட்டு 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கி, வேண்டிய அளவு மட்டும் மோட்டாருக்கு விடுவது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று எஸ்.சி.ஆர். என்னும் தைரிஸ்டர் வகை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1957-ல் உருவான இந்தப் பொருள், மின் அலையின் ஒரு பகுதியை வெட்டி மீதியை மட்டும் மோட்டாருக்கு அனுப்புகிறது. மற்றொன்று மாஸ்பெட் வகை. இது மின்சாரத்தை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு விட்டுக் கொடுக்கிறது. விடும் நேரம் கூடினால் வேகம் கூடும். இதைப் பி.டபிள்யூ.எம். முறை என்பார்கள்.

முன்புறம் இருக்கும் வேகத் திருகு, ரேடியோ வால்யூம் போன்ற பொட்டன்சியோமீட்டர்தான். அது மோட்டார் கரண்டைச் சுமப்பதில்லை. எவ்வளவு வேகம் வேண்டும் என்று போர்டுக்குச் சொல்லும் வேலையை மட்டும் செய்கிறது. போர்டின் மேல் இன்னும் சில சிறு திருகுகள் இருக்கும். குறைந்த வேகம், அதிக வேகம், கரண்ட் வரம்பு ஆகியவற்றைத் தொழிற்சாலையில் அமைத்து வைத்தவை அவை.

முதலில் பாதுகாப்பு

மற்ற மோட்டார்களில் பிளக்கைப் பிடுங்கினால் பயம் போயிற்று. இதில் அப்படியல்ல. 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கிக் கண்டென்சரில் நிரப்பினால் அது சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அப்படியே இருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து, மீட்டரை வைத்துப் பார்த்து, மிச்சம் இருந்தால் ஒரு குண்டு பல்பை இரு முனையிலும் தொட வைத்து இறக்கிவிட்ட பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்து இறக்குவது போர்டுக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

இன்னொன்று. இந்த போர்டுகள் பலவற்றில் வேகத் திருகின் மூன்று கம்பிகளும் நேரடியாக மெயின் மின்சாரத்தோடு தொடர்பு உடையவை. சிறிய பொருள், சிறிய கம்பி என்று எண்ணித் தொட்டால் ஷாக் அடிக்கும். பொட்டன்சியோமீட்டரை மாற்றும்போது இன்சுலேஷன் ஸ்லீவ் போடாமல் விடக்கூடாது. உலோகத் தண்டு உள்ளதாக இருந்தால் பிளாஸ்டிக் குமிழ் கட்டாயம். இயந்திரத்தின் உடலுக்கு எர்த் கம்பி சரியாக வந்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

இனி பழுதுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. சுவிட்ச் போட்டும் ஓடவே இல்லை

இப்படி வரும் இயந்திரங்களில் போர்டுக்கு ஒன்றுமே ஆகாதவை பல இருக்கும். கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

முதலாவது, திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து மறுபடி திருப்பினாரா என்று கேளுங்கள். பல மாதிரிகளில் வேகத் திருகு பூஜ்யத்தில் இருந்தால்தான் இயந்திரம் கிளம்பும். அதிக வேகத்தில் விட்டுவிட்டு நிறுத்தியவர் மறுபடி சுவிட்ச் போட்டதும் சக் திடீரென்று சீறக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இரண்டாவது, கரண்ட் போய் வந்த பிறகு ஓடவில்லை என்பது பழுதல்ல. பச்சை, சிவப்பு பட்டன் உள்ள சுவிட்சில் ஒரு சிறு காயில் இருக்கும். மின்சாரம் போனால் அது விடுபட்டுவிடும். மறுபடி பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். மின்வெட்டுக்குப் பின் யாரும் இல்லாத நேரத்தில் இயந்திரம் தானாக ஓடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது, சக்கின் மேல் இருக்கும் மூடி. அதன் அடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் உண்டு. மூடி சரியாக இறங்காவிட்டாலோ, இரும்புப் பிசிறு உள்ளே புகுந்தாலோ அது இணையாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்காவது, பியூஸ். அது போயிருந்தால் அதே ஆம்பியர், அதே வகையைப் போட வேண்டும். செம்புக் கம்பி சுற்றிப் போடும் பழக்கம் இங்கே உதவாது. போர்டைக் காப்பாற்ற இருக்கும் ஒரே காவலாளி அதுதான்.

ஐந்தாவது, கார்பன் பிரஷ். இருபுறமும் மூடியைத் திருகி வெளியே எடுத்துப் பாருங்கள். தேய்ந்து மூன்றில் ஒரு பங்காகி இருந்தாலும், ஸ்பிரிங் நீலம் பாய்ந்து தளர்ந்திருந்தாலும், ஹோல்டரில் சிக்கி நகராமல் இருந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் போகாது.

இந்த ஐந்தும் சரியாக இருந்து, அப்போதும் ஓடவில்லை என்றால்தான் போர்டின் பக்கம் திரும்ப வேண்டும்.

2. வேகம் குதிக்கிறது, தடுமாறுகிறது

திருகை மெதுவாகத் திருப்பும்போது குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் வேகம் குதித்தால் பொட்டன்சியோமீட்டரின் கார்பன் பாதை தேய்ந்திருக்கிறது என்று பொருள். பிளக்கைப் பிடுங்கி, கம்பியைக் கழற்றி, நடுமுனைக்கும் ஓரமுனைக்கும் இடையே ஓம் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். அளவு சீராக ஏறி இறங்க வேண்டும். இடையில் துள்ளினால் மாற்ற வேண்டியதுதான். அதன் முதுகில் 4.7 கே, 10 கே என்று எழுதியிருக்கும் அளவையே போட வேண்டும். பூஜ்யத்தில் கிளிக் என்று சத்தமிடும் சுவிட்ச் சேர்ந்த மாதிரி என்றால் அதேபோல் சுவிட்ச் உள்ளதையே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன பாதுகாப்பு ஏற்பாடு போய்விடும்.

எல்லா இடத்திலும் தடுமாறினால் பிரஷையும் காமுட்டேட்டரையும் பாருங்கள். காமுட்டேட்டர் கறுத்திருந்தால் மிக நைசான உப்புத்தாள் கொண்டு லேசாகத் துடைக்கலாம். எமரித் துணி வேண்டாம். அதன் பொடி மின்சாரம் கடத்தக்கூடியது, செம்புப் பட்டைகளுக்கு இடையே தங்கி ஷார்ட் ஆக்கும். பட்டைகளுக்கு இடையே உள்ள காடியில் அடைந்த கார்பன் தூளையும் எடுத்துவிட வேண்டும். புது பிரஷ் போட்டால் சுமை இல்லாமல் சிறிது நேரம் ஓட விட்டு, முகம் படிந்த பிறகே வேலை வாங்க வேண்டும்.

மூன்றாவது காரணம் மின்சாரம். மாலை நேரத்தில் கிராமப்புற லைனில் வோல்டேஜ் இறங்குவது நாம் அறிந்ததே. 230 வோல்ட் 180 ஆக இறங்கினால், கண்டென்சரில் நிற்க வேண்டிய 325 வோல்ட் 255 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது திருகை எவ்வளவு திருப்பினாலும் முழு வேகம் வராது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் பாயிண்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள். கடையில் நன்றாக ஓடி, வாடிக்கையாளர் வீட்டில் தடுமாறுகிறது என்றால் பழுது இயந்திரத்தில் இல்லை, லைனில் இருக்கிறது. 1.5 கே.வி.ஏ.க்குக் குறையாத ஸ்டெபிலைசர் அங்கே பயன்படும். சதுர அலை இன்வெர்ட்டரில் எஸ்.சி.ஆர். வகைப் போர்டை ஓட்டினால் வேகம் ஒழுங்காக நிற்காது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

3. வெட்டும்போது நின்று விடுகிறது

சும்மா ஓடும்போது நன்றாக ஓடி, டூல் கடித்ததும் நின்று, மஞ்சள் விளக்கு எரிந்தால் கரண்ட் வரம்பு வேலை செய்திருக்கிறது. சுமை அதிகமாகிவிட்டது என்று போர்டு சொல்கிறது. அதைத் திட்டுவதற்கு முன் சுமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு சக்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாக இருந்தால் பேரிங் இறுக்கம் அதிகம், அல்லது கியரில் பிசிறு மாட்டியிருக்கிறது. சக் இலேசாகச் சுற்றினால் மோட்டார் தண்டைச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கலாம்.

அடுத்து, வேகத் தேர்வு. இதில் தவறு செய்வோர் மிகுதி. சாதாரண மைல்ட் ஸ்டீலை ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலால் வெட்டும்போது நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் கம்பிக்கு அது சுமார் 320 சுற்று. 10 மில்லிமீட்டர் கம்பிக்குச் சுமார் 800 சுற்று. வாடிக்கையாளரோ உயர்ந்த கியரில் போட்டு, திருகை மட்டும் குறைத்து 300 சுற்றில் பெரிய கம்பியை வெட்டுகிறார். திருகைக் குறைத்தால் வேகம் குறையுமே தவிர மோட்டாரின் பலம் கூடாது. கியரைத் தாழ்த்தினால்தான் பலம் கூடும். பைக்கில் நான்காவது கியரில் மேடு ஏறுவது போன்ற கதைதான் இது. தவிரவும் மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், மெதுவாக ஓடும்போது காற்றும் குறைவு. பெரிய சுமையில் மெதுவாக நீண்ட நேரம் ஓட்டினால் ஆர்மேச்சர் சூடேறி வார்னிஷ் கருகும். தாழ்ந்த கியரில் போடச் சொல்லிக் கொடுத்தாலே தீர்ந்துபோகும் பிரச்சினை இது.

கரண்ட் வரம்புத் திருகைக் கூட்டிவிட்டு அனுப்புவது எளிது. சில நாளில் மோட்டாரோ போர்டோ எரிந்து திரும்பி வரும். எந்தச் சிறு திருகைத் தொடுவதானாலும், அது இருந்த இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் சிறிது சிறிதாகவே திருப்ப வேண்டும்.

4. சுவிட்ச் போட்டதும் முழு வேகம்

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. திருகு எங்கே இருந்தாலும் சக் முழு வேகத்தில் சீறினால் உடனே சிவப்பு பட்டனை அழுத்த வேண்டும். சரியாகப் பிடிக்காத கம்பி தெறித்து வந்தால் உயிருக்கே ஆபத்து.

காரணம் இரண்டில் ஒன்று. பொட்டன்சியோமீட்டரின் ஒரு கம்பி விட்டுப்போயிருக்கலாம். அதை முதலில் பாருங்கள். அல்லது மாஸ்பெட்டோ எஸ்.சி.ஆரோ உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். மீட்டரை டயோடு சோதனையில் வைத்துப் பார்த்தால், ஷார்ட் ஆனது இருபுறமும் பூஜ்யம் காட்டும். மாஸ்பெட் போனால் அதை ஓட்டும் ரெசிஸ்டர், டிரைவர் பகுதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் சுவிட்ச் போட்ட நொடியிலேயே புதியதும் போய்விடும்.

ஏன் போகிறது? முக்கியக் காரணம், ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னோக்கு, பின்னோக்கு சுவிட்சைத் திருப்புவது. அப்போது சுழலும் மோட்டாரே ஜெனரேட்டராகி, வருகிற மின்சாரத்தோடு சேர்ந்து போர்டை அடிக்கிறது. முழுதும் நின்ற பிறகே திசை மாற்ற வேண்டும் என்று இயந்திரத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புங்கள்.

5. பியூஸ் உடனே போகிறது

புது பியூஸ் போட்டதும் போகிறது என்றால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியலில் வைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் கண்டென்சர் நிரம்பியது என்று பொருள், நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். அடுத்து பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரை இறக்கி, மோட்டார் கம்பி இரண்டையும் போர்டிலிருந்து கழற்றிவிட்டு அதே சோதனை செய்யுங்கள். இப்போது மங்கினால் பழுது மோட்டாரில். அப்போதும் முழு வெளிச்சம் என்றால் போர்டில், பெரும்பாலும் பிரிட்ஜ் டயோடு அல்லது மாஸ்பெட்.

மோட்டாரைத் தனியே சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பெல்ட்டைக் கழற்றி, 12 வோல்ட் வண்டி பேட்டரியை மோட்டாரின் இரு கம்பியிலும் கொடுங்கள். மெதுவாக, ஒரே சீராகச் சுற்றினால் ஆர்மேச்சர் பெரும்பாலும் நலம். ஓரிடத்தில் நின்று, தள்ளிவிட்டால் ஓடினால் காமுட்டேட்டரிலோ காயிலிலோ கோளாறு. பிறகு 500 வோல்ட் மெகரால் மோட்டார் கம்பிக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் கார்பன் தூள் அல்லது ஈரம். போர்டு இணைந்திருக்கும்போது மெகர் வைக்கவே கூடாது. நல்ல போர்டும் போய்விடும்.

அரியலூர்ப் பக்கம் சிமெண்டு, சுண்ணாம்புக்கல் தூசி அதிகம். அந்தத் தூசி போர்டின் மேல் படிந்து, ஐப்பசி மழையில் ஈரம் சேர்ந்தால் கசிவு ஏற்படும். இரும்புப் பிசிறு ஒன்று விழுந்தாலும் ஷார்ட்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பிரஷால் துடைத்து எடுக்கும் வேலையை ஒரு சிறு கட்டணத்துக்குச் செய்து தரலாம். கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் தூசியும் பிசிறும் இன்னும் உள்ளே போகும்.

போர்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

மோட்டாரின் பெயர்ப்பலகையை முதலில் படியுங்கள். 180 வோல்ட் டி.சி., 220 வோல்ட் டி.சி. என்று வோல்ட்டும் ஆம்பியரும் எழுதியிருக்கும். 230 வோல்ட் ஏ.சி. வாங்கி அந்த வோல்ட்டைக் கொடுக்கும் பொதுவான டி.சி. டிரைவ்கள் தனியே கிடைக்கின்றன. திருச்சியிலோ, சென்னை ரிச்சி தெருவிலோ கேட்டு வாங்கலாம். மோட்டாரின் வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் பொருந்தாத டிரைவை "கிடைத்தது இதுதான்" என்று போட்டுவிடக் கூடாது. பழைய இயந்திரத்தில் இருந்த பூஜ்ய ஏற்பாடு, மூடி சுவிட்ச், சிவப்பு பட்டன் மூன்றையும் புது டிரைவிலும் இணைத்துக் கொடுக்க வேண்டும்.

மோட்டாரும் போர்டும் சேர்ந்து போயிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சிறிய மூன்று பேஸ் மோட்டாரும், ஒற்றைப் பேஸ் மின்சாரத்தில் ஓடும் வி.எப்.டி. டிரைவும் வைக்கலாம். வி.எப்.டி.யிலிருந்து வருவது 230 வோல்ட் மூன்று பேஸ் என்பதால் மோட்டாரை டெல்டாவில் அந்த வோல்ட்டுக்கு இணைக்க வேண்டும். நம் ரீவைண்டிங் கடைகளுக்குப் பழகிய மோட்டார் இது. பிரஷ் தொல்லையும் இல்லை.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. சீலிங் பேன் ரெகுலேட்டரையோ விளக்கு டிம்மரையோ வைத்து இந்த மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது. ரெகுலேட்டர் தருவது ஏ.சி. நிரந்தரக் காந்த மோட்டார் அதில் ஓடாது, அதிர்ந்து சூடேறும்.

மூடி சுவிட்சை நேராக்கித் தரலாமா?

வாடிக்கையாளர் சிலர் நம்மிடம் கேட்பது இது: "இந்த மூடி தொந்தரவாக இருக்கிறது, சுவிட்சை நேராக்கிக் கொடுங்கள்." இரண்டு கம்பியை முறுக்கினால் முடிந்தது, ஐந்து நிமிட வேலை. ஆயினும் மறுத்துவிட வேண்டும்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளால் ஏற்படும் தீங்குக்கு உற்பத்தியாளரை மட்டும் பொறுப்பாக்கவில்லை. பழுது பார்த்துக் கொடுத்தவரின் சேவையில் குறை இருந்தாலும் பொறுப்பு உண்டு. விற்றவர் பொருளில் மாற்றம் செய்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமாக இருந்தால் அவர்மீதும் இழப்பீடு கேட்கலாம். விபத்து நடந்தால் "அவர் கேட்டார், நான் செய்தேன்" என்ற பதிலை நம்பிக் கடையை நடத்த முடியாது. சட்டத்தை விடுங்கள், பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையனின் கண்ணுக்கு நாம் விலை சொல்ல முடியுமா? சுவிட்ச் கெட்டிருந்தால் புதியது போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். அதன் விலை மிகக் குறைவு.

கடையில் என்ன வைத்திருக்கலாம்?

பெரிய முதலீடு வேண்டாம். கார்பன் பிரஷ் இரண்டு மூன்று அளவு, கண்ணாடி மற்றும் பீங்கான் பியூஸ், 4.7 கே, 10 கே பொட்டன்சியோமீட்டர், சுவிட்ச் சேர்ந்தது சில, மைக்ரோ சுவிட்ச், பச்சை சிவப்பு பட்டன் சுவிட்ச், பிரிட்ஜ் டயோடு ஆகியவை ஒரு சிறு டப்பாவில் அடங்கிவிடும். போர்டையும் டிரைவையும் ஆர்டர் வந்தபின் வரவழைத்தால் போதும். மாதிரி மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கி அடுக்கினால் முதல் முடங்கும். பிரஷின் அளவை நீளம், அகலம், கனம் என மூன்றாக அளந்து எழுதி வைத்தால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

வேலைக்கு வரும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு சீட்டு எழுதும் பழக்கம் நல்லது. வந்த தேதி, மோட்டாரின் வோல்ட், வாட், வாடிக்கையாளர் சொன்ன குறை, நாம் கண்ட குறை, மாற்றிய பொருள், திருப்பிக் கொடுக்கும்போது பார்த்த வேகம் ஆகியவற்றை எழுதி, பில்லோடு ஒரு பிரதியை அவரிடமும் கொடுங்கள். கழற்றிய பழைய பொருளையும் கையில் கொடுத்துவிடுங்கள். எதை மாற்றினோம் என்று கண்ணால் பார்த்த வாடிக்கையாளர் கூலியில் பேரம் பேச மாட்டார்.

திருச்சியிலிருந்து பிரிந்து 1995-ல் பெரம்பலூரும், பின்னர் 2007-ல் மீண்டும் தனி மாவட்டமாக அரியலூரும் உருவான பிறகு, எல்லாவற்றுக்கும் திருச்சிக்கு ஓடும் நிலை படிப்படியாகக் குறைந்து வருகிறது. இயந்திரங்களை ஆன்லைனில் விற்கலாம்; பழுது பார்ப்பதை ஆன்லைனில் செய்ய முடியாது. அந்த இடம் உள்ளூர்க் கடைக்கு உரியது. ஒரு மல்டிமீட்டர், ஒரு சீரியல் பல்பு, ஒரு 12 வோல்ட் பேட்டரி ஆகிய மூன்றும் பெரும்பாலான எலக்ட்ரிகல் கடைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. இனி சிறு லேத் ஒன்று வாசலுக்கு வந்தால், போர்டைக் குறை சொல்லும் முன் மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் வரிசையாகச் செய்து பாருங்கள்.